சாட்சி நிற்கும் இடம்: ஆட்கடத்தலுக்கு எதிரான பன்னாட்டுக் காவல்பணியின் அடிப்படைக் குறை

1. கேள்வி

ஆட்கடத்தல் வழக்குகள் எப்படி வெளிச்சத்துக்கு வருகின்றன? போதைப்பொருள், குற்றத் தடுப்புக்கான ஐ.நா. அலுவலகம் 2022இல் வெளியிட்ட உலக அறிக்கை, நீதிமன்ற வழக்குகளை ஆராய்ந்து ஒரு விடை தந்தது. அவற்றில் 41 விழுக்காட்டு வழக்குகளில், பாதிக்கப்பட்டவர்களே தப்பி வந்து அதிகாரிகளை நாடியிருக்கிறார்கள். உளவுத் தகவலால், அதிரடிச் சோதனையால் தொடங்கும் வழக்குகளைத்தான் செய்திகளில் படிக்கிறோம். ஐந்தில் இரண்டு வழக்குகளோ, பூட்டிய அறையிலிருந்து ஒருவர் எப்படியோ வெளியேறியதால் தொடங்கியவை.

இந்தக் குற்றத்தின் பொருளாதாரம் பெரிது. கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள் 2.76 கோடிப் பேர் என்றும், அதிலிருந்து ஆண்டுதோறும் சுருட்டப்படும் சட்டவிரோத லாபம் 23,600 கோடி டாலர் என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் மதிப்பிட்டது. கட்டாய உழைப்பு முழுவதும் ஆட்கடத்தல் ஆகிவிடாது. இவை மதிப்பீடுகளே என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் ஒரு காவல் நிலையமோ ஒரு நாடோ தனித்து எதிர்கொள்ளக்கூடிய அளவல்ல இது என்பது தெளிவு. அதனால்தான் கடந்த கால் நூற்றாண்டில் உடன்படிக்கைகளும் தகவல் வலைப்பின்னல்களும் கூட்டுப் புலனாய்வுக் குழுக்களும் உருவாயின.

இக்கட்டுரை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. வழக்கைத் தொடங்கிவைப்பவரும் அதை நீதிமன்றத்தில் தாங்கி நிறுத்துபவரும் பாதிக்கப்பட்டவர்தான் என்றால், இந்தப் பன்னாட்டுக் கட்டமைப்பில் அவருக்கு எந்த இடம் தரப்பட்டிருக்கிறது? பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பைக் காவல்பணிக்கு வெளியே உள்ள மனிதாபிமானக் கடமையாகக் கருதியதே இக்கட்டமைப்பின் பெரும் பலவீனம் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம். அதற்கு எதிராக நிற்கும் வழக்குகளும் பரிசீலிக்கப்படுகின்றன.

2. பலெர்மோ: கட்டாயமும் விருப்பமும்

நாடுகடந்த ஒழுங்கமைந்த குற்றத்துக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 2000 டிசம்பரில் சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. நகரத்தைத் தேர்ந்ததில் காரணம் இருந்தது. மாஃபியாவை எதிர்த்த நீதிபதிகள் ஜொவான்னி ஃபல்கோனேயும் பவோலோ போர்செல்லினோவும் 1992இல், இரண்டு மாத இடைவெளிக்குள், வெடிகுண்டுகளால் கொல்லப்பட்ட மண் அது.

உடன்படிக்கையோடு இணைந்த ஆட்கடத்தல் நெறிமுறை 2003 டிசம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் வரையறையில் மூன்று கூறுகள் உள்ளன. ஆட்களைச் சேர்ப்பது, கொண்டுசெல்வது, அடைத்துவைப்பது போன்ற செயல். மிரட்டல், ஏமாற்று, அதிகாரத் துர்ப்பிரயோகம் போன்ற வழிமுறை. சுரண்டல் என்னும் நோக்கம். இத்தகைய வழிமுறைகள் கையாளப்பட்டிருந்தால் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் செல்லாது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் வழிமுறையை நிரூபிக்கவும் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைச் சட்டவிரோதமாக எல்லை தாண்டவைப்பது வேறொரு குற்றம். அதற்குத் தனி நெறிமுறை உண்டு. அங்கே பயணி எவருடைய வாடிக்கையாளரோ அவர்மீதே வழக்கு. பயணிக்குப் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற தகுதி இல்லை.

ஆட்கடத்தல் நெறிமுறையின் பிரிவுகளை வரிசையாகப் படித்தால் தொனி மாறுவது புலப்படும். ஆட்கடத்தலைக் குற்றமாக்கச் சொல்லும் 5ஆம் பிரிவு கட்டாயக் கட்டளை. பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவம், உறைவிடம், மறுவாழ்வு பற்றிப் பேசும் 6ஆம் பிரிவில் அரசுகள் அவற்றைப் ‘பரிசீலிக்க வேண்டும்’. அந்நாட்டிலேயே தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ தங்க அனுமதிப்பது குறித்த 7ஆம் பிரிவிலும் பரிசீலனைதான். தாய் உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு சாட்சிகளைப் பழிவாங்கலிலிருந்து காக்கச் சொல்கிறது. ஆனால் அதுவும் ‘இயன்ற அளவுக்கு’ என்ற வரம்புக்கு உட்பட்டது. சுருக்கமாக, தண்டிப்பது கடமை. காப்பது வசதியைப் பொறுத்தது.

பலெர்மோவின் சொந்த வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது. 1986 பிப்ரவரியில் அங்கே தொடங்கிய மாபெரும் மாஃபியா வழக்கில் ஏறத்தாழ 475 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். முந்நூறுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். அவ்வழக்கின் ஆணிவேர் தொம்மாசோ புஷெத்தா என்னும் மாஃபியாக்காரரின் வாக்குமூலம். அவருக்கு அமெரிக்காவில் புதிய அடையாளமும் அரசுப் பாதுகாப்பும் கிடைத்தன. குற்றத்தில் பங்குகொண்ட ஒருவரைக் காப்பாற்றியதால்தான் அமைப்பின் உள்கட்டுமானம் நீதிமன்றத்துக்கு வந்தது. அதே நகரத்தின் பெயரால் வழங்கும் நெறிமுறை, குற்றத்துக்கு இரையானவருக்குச் சில மாதத் தங்கல் அனுமதியைக்கூட உறுதிசெய்யவில்லை.

3. இதுவரையிலான விளக்கங்கள்

இந்தக் குறையை முன்பே கண்டவர்கள் பலர். அவர்கள் அதை வாசித்த விதங்கள் வேறுபடுகின்றன. அகதிச் சட்ட அறிஞர் ஜேம்ஸ் ஹாத்தவே 2008இல் எழுதிய கட்டுரையில் நெறிமுறையையே சந்தேகித்தார். அடிமைத்தனத்தின் ஒரு சிறு பகுதியில் மட்டும் கவனம் குவித்து, பணக்கார நாடுகள் எல்லைகளை இறுக்கிக்கொள்ள அது வழிசெய்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நெறிமுறை உருவானபோது ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் ஆலோசகராக இருந்த ஆன் கலாகர் மறு ஆண்டே பதில் எழுதினார். குற்றவியல் சட்டகம் இல்லாமல் அரசுகளை மேசைக்கு அழைத்து வந்திருக்க முடியாது என்றும், அதன் பின்னரே வலுவான மனித உரிமை விதிகள் வளர்ந்தன என்றும் அவர் காட்டினார். ஐரோப்பிய கவுன்சிலின் 2005ஆம் ஆண்டு உடன்படிக்கை இதற்குச் சான்று. பாதிக்கப்பட்டவர் தேறி முடிவெடுக்கக் குறைந்தது 30 நாள் அவகாசத்தை அது கட்டாயமாக்கியது.

பீட்டர் ஆண்ட்ரியாஸும் ஈதன் நாடெல்மனும் ‘போலீசிங் தி குளோப்’ (2006) நூலில் வேறு திசையிலிருந்து வருகிறார்கள். பன்னாட்டுக் காவல்பணியின் வரலாறு, வலிமையான நாடுகள் தங்கள் குற்ற வரையறைகளைப் பிறர்மீது பரப்பிய வரலாறும் ஆகும் என்பது அவர்கள் பார்வை. அமெரிக்க வெளியுறவுத் துறை 2001 முதல் உலக நாடுகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடும் ஆட்கடத்தல் அறிக்கையை விமர்சித்த ஜேனி சுவாங்கின் ஆய்வுகளும் இவ்வழியில் அமைந்தவை.

மூன்று பார்வைகளிலும் ஓர் ஊகம் பொதுவாக ஓடுகிறது. பாதிக்கப்பட்டவரின் உரிமை ஒரு தட்டு, குற்றத்தைப் பிடிக்கும் திறன் இன்னொரு தட்டு. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பதே அது. காவல்பணியின் அன்றாட நடைமுறையைக் கூர்ந்து பார்த்தால் இந்த ஊகம் நிலைப்பதில்லை.

4. கருவிகளும் அவற்றின் எல்லையும்

திரைப்படங்களில் வருவதுபோல இன்டர்போல் அதிகாரிகள் யாரையும் கைதுசெய்வதில்லை. 1923இல் வியன்னாவில் தொடங்கி, இன்று பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம் கொண்டு, 196 நாடுகளை இணைக்கும் அந்த அமைப்பு அடிப்படையில் ஒரு தகவல் பரிமாற்ற மையம். அது வெளியிடும் ரெட் நோட்டீஸ் கைது ஆணை ஆகாது. ஒருவரைக் கண்டறிந்து தற்காலிகமாகப் பிடித்துவைக்குமாறு உறுப்பு நாடுகளுக்கு விடுக்கும் வேண்டுகோள். அதற்கு என்ன மதிப்பு என்பதை ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தீர்மானிக்கும். இந்தியாவில் இந்தத் தொடர்புப் பணி சிபிஐயிடம் உள்ளது.

தகவல் வேறு, சான்று வேறு. ஒரு தொலைபேசி எண் யாருடையது என்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடலாம். அதை நீதிமன்றம் ஏற்கும் ஆவணமாகப் பெறுவதற்குப் பரஸ்பர சட்ட உதவிக் கோரிக்கை, மொழிபெயர்ப்பு, இரு நாட்டு மத்திய அதிகார அமைப்புகளின் ஒப்புதல் என்று மாதங்கள் கழியும். ஐரோப்பாவின் கூட்டுப் புலனாய்வுக் குழு முறை இந்தத் தாமதத்தைக் குறைத்தது. உறுப்பு நாடுகளின் காவலர்களும் அரசு வழக்கறிஞர்களும் ஓர் ஒப்பந்தத்தின் கீழ் இணைந்து இயங்குவதால், தனித்தனிக் கோரிக்கை இல்லாமலே சான்றுகள் கைமாறுகின்றன. ஹேக் நகரில் உள்ள யூரோஜஸ்ட் அமைப்பு இதற்குப் பணமும் ஒருங்கிணைப்பும் தருகிறது.

ஒத்துழைப்பு நல்லெண்ணத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, சட்டக் கடமையும்கூட என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010 ஜனவரியில் அறிவித்தது. சைப்ரஸுக்கும் ரஷ்யாவுக்கும் எதிரான ரன்ட்செவ் வழக்கின் தீர்ப்பு அது. கலைஞர் விசாவில் சைப்ரஸ் சென்று, ஒரு கேபரே விடுதியில் வேலைக்குச் சேர்ந்து, சில நாட்களில் அங்கிருந்து வெளியேறிய ரஷ்ய இளம்பெண்ணை 2001 மார்ச்சில் விடுதி மேலாளர் லிமசோல் காவல் நிலையத்துக்கு இழுத்து வந்தார். அவர் சட்டவிரோதமாகத் தங்கவில்லை என்று உறுதியான பிறகு, காவலர்கள் அவரை அந்த மேலாளரிடமே ஒப்படைத்தார்கள். விடிவதற்குள் அவர் ஒரு மாடிக் குடியிருப்பிலிருந்து விழுந்து இறந்துகிடந்தார். அவரைக் காக்கத் தவறியதற்காக சைப்ரஸும், அவர் எப்படி வேலைக்குச் சேர்க்கப்பட்டார் என்று விசாரிக்காததற்காக ரஷ்யாவும் பொறுப்பாக்கப்பட்டன. காவல்பணியின் கண்ணோட்டத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆள்சேர்ப்பு முதல் விடுதி வரை நீண்ட சங்கிலியை விவரித்திருக்கக்கூடிய ஒரே சாட்சியை அந்த இரவில் காவல்துறையே கைவிட்டது.

5. காவலரே தரப்பானபோது

தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராத் மாகாணத்தில் 2015 ஜனவரியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்ட வாகனங்களில் ஏறத்தாழ நூறு ரொஹிங்கியர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அங்கிருந்து விரிந்த விசாரணையும், தப்பியவர்களும் உறவினர்களும் தந்த வாக்குமூலங்களும் காட்டு முகாம்களை நோக்கிக் கைகாட்டின. மே மாதம் மலேசிய எல்லையை ஒட்டிய பதாங் பெசாரில் புதைகுழிகள் தோண்டப்பட்டன. சில வாரங்களில் எல்லைக்கு அப்பால் வாங் கெலியான் பகுதியில் 28 முகாம்களையும் 139 புதைகுழிகளையும் கண்டதாக மலேசியா அறிவித்தது.

தாய்லாந்துப் புலனாய்வுக்குப் பொறுப்பேற்ற காவல் உயர் அதிகாரி பவீன் பொங்சிரின், 150க்கும் மேற்பட்ட பிடியாணைகள் வரை வழக்கைக் கொண்டுசென்றார். பட்டியலில் லெப்டினன்ட் ஜெனரல் மனாஸ் கொங்பன் என்னும் ராணுவ உயர் அதிகாரியும் இருந்தார். அந்த ஆண்டு இறுதியிலேயே பவீன் கிளர்ச்சி நிலவும் தென் மாகாணங்களுக்கு மாற்றப்பட்டார். உயிருக்கு ஆபத்து என்று பதவி விலகி ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கேட்டார். 2017 ஜூலையில் பாங்காக் நீதிமன்றம் 103 பேரில் 62 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மனாஸுக்கு 27 ஆண்டுச் சிறை. அவர் 2021இல் சிறையிலிருந்தபோது இறந்தார்.

இவ்வழக்கை வெற்றி என்று சொல்வோருக்குக் காரணம் உண்டு. ஒரு ராணுவ ஜெனரல் ஆட்கடத்தலுக்காகத் தண்டிக்கப்படுவது அரிது. ஆனால் எல்லையின் மறுபுறத்தை ஒப்பிட வேண்டும். மலேசியக் காவலர்கள் 2015 ஜனவரியிலேயே சில முகாம்களைக் கண்டிருந்தனர் என்பதும், தடயவியல் ஆய்வுக்கு முன்பே அவை அழிக்கப்பட்டன என்பதும் 2019இல் அமைந்த அரச விசாரணை ஆணையத்தின் முன் வெளிவந்தன. அங்கே முக்கியக் குற்றச்சாட்டுகள் நீதிமன்றம் ஏற 2023 வரை ஆனது. தாய்லாந்திலிருந்து ஒப்படைக்கப்பட்ட நால்வர்மீது கங்கார் நகரில் வழக்குத் தொடரப்பட்டது. ஒரே குற்றம், ஒரே காடு. சாட்சி பேச முடிந்த பக்கம் இரண்டு ஆண்டுகளில் தீர்ப்பைக் கண்டது. தடயமே அழிந்த பக்கம் எட்டு ஆண்டுகள் காத்திருந்தது.

தாய்லாந்து ராணுவத்தில் நடந்தது பன்னாட்டுப் படைகளிலும் நடந்திருக்கிறது. போருக்குப் பிந்தைய பொஸ்னியாவில் ஐ.நா.வின் பன்னாட்டுக் காவல் படையில் பணியாற்றிய அமெரிக்கக் காவலர் கேத்ரின் போல்கோவாக், பாலியல் அடிமைத்தனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட பெண்களைச் சக காவலர்களே பயன்படுத்துவதாக 2000இல் எழுதினார், 2001இல் வேலையிழந்தார். அவரைப் பணியமர்த்திய டைன்கார்ப் நிறுவனத்துக்கு எதிராக 2002இல் பிரிட்டனின் தொழிலாளர் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களுக்குச் சட்டவிலக்கு இருந்ததால், பெரும்பாலும் அவர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டதோடு விவகாரம் முடிந்தது. பாதுகாப்புத் தேவைப்படும் சாட்சிகளின் பட்டியலில் நேர்மையான காவலரும் அடங்குவார் என்பதை பவீனும் போல்கோவாக்கும் காட்டுகிறார்கள்.

6. எதிர்ச்சான்று: எசெக்ஸ், 2019

மேற்கண்ட வாதத்துக்கு மிக வலுவான மறுப்பு இங்கிலாந்திலிருந்து வருகிறது. 2019 அக்டோபர் 23 அதிகாலை, எசெக்ஸ் மாவட்டம் கிரேஸ் நகரில் ஒரு லாரிப் பெட்டிக்குள் 39 வியட்நாமியரின் உடல்கள் கிடைத்தன. அவர்களில் இருவர் 15 வயதுச் சிறுவர்கள். பெல்ஜியத்தின் சீப்ரூகா துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த குளிர்பதனப் பெட்டி அது, குளிரூட்டி இயக்கப்படவில்லை, காற்று தீர்ந்து இறந்திருந்தார்கள். பேச ஒரு சாட்சிகூட மிஞ்சவில்லை.

ஆயினும் வழக்கு வென்றது. பிரிட்டன், பெல்ஜியம், பிரான்ஸ், அயர்லாந்து இணைந்த கூட்டுப் புலனாய்வுக் குழு, கைபேசிக் கோபுரப் பதிவுகள், கண்காணிப்புக் கேமராக்கள், கப்பல் முன்பதிவுகள், டாக்சிப் பயணங்கள் ஆகியவற்றைக் கோத்து முழுப் பாதையையும் நிறுவியது. 2020 மே மாதம் ஒரே நாளில் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் 26 பேர் பிடிபட்டனர். 2021 ஜனவரியில் லண்டனில் முதன்மைக் குற்றவாளிகளுக்கு 13 முதல் 27 ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் புரூஜ் நீதிமன்றம், வியட்நாமியக் குழுவின் தலைவர் என்று கண்டவருக்கு 15 ஆண்டுகள் விதித்தது.

அப்படியானால் சாட்சி தேவையில்லையா? எந்தக் குற்றத்துக்குத் தண்டனை என்று பார்க்க வேண்டும். லாரி ஓட்டுநர்மீது முதலில் பதிந்த குற்றச்சாட்டுகளில் ஆட்கடத்தல் சதியும் இருந்தது. லண்டனில் தண்டனையில் முடிந்த முதன்மைக் குற்றங்கள் கொலையாகாத மரணம் விளைவித்தலும், சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு உதவும் சதியும்தான். பிரிட்டனில் நகப்பூச்சுக் கடைகளிலும், கஞ்சாச் செடிகள் வளர்க்கும் பூட்டிய வீடுகளிலும் வியட்நாமியர் கடன் தீர்க்க உழைப்பது பதிவான உண்மை. இந்த 39 பேரில் யாருக்கு அது காத்திருந்தது, யாரிடம் எவ்வளவு கடன் இருந்தது, அதை எப்படி வசூலிக்க இருந்தார்கள் என்பதைக் கோபுரப் பதிவுகள் சொல்ல மாட்டா. கருவிகள் நகர்வை நிரூபிக்கின்றன. சுரண்டலை நிரூபிக்க மனிதர் வேண்டும். எசெக்ஸ் வழக்கு இக்கட்டுரையின் வாதத்தை உடைக்கவில்லை. அதன் வரம்பைத் துல்லியமாக்குகிறது.

7. இரையானவர் குற்றவாளியாகும்போது

அண்மை ஆண்டுகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைந்துள்ளது. மியான்மரின் மியாவாடி, கம்போடியாவின் சிஹானூக்வில் ஆகிய பகுதிகளில் எழுந்த மோசடி வளாகங்களில், நல்ல சம்பளம் என்று அழைத்து வரப்பட்டவர்கள் மின்வேலிக்குள் அடைக்கப்பட்டு, இணையத்தில் அந்நியர்களை ஏமாற்றிப் பணம் பறிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இந்நிலையில் இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று மியாவாடியில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்து வரப்பட்டார்கள்.

இவர்கள் யார்? ஏமாந்து பணம் இழந்தவரின் புகாரில் குற்றவாளி. வளாகத்தின் கணக்கில் விலைக்கு வாங்கிய ஆள். குடிநுழைவுச் சட்டத்தின்படி விசா மீறியவர். விமான நிலையத்தில் விசாரிக்கும் அதிகாரி எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார் என்பதைப் பொறுத்து, வழக்கு உள்ளூர் ஏஜென்டோடு நின்றுவிடலாம், அல்லது வளாக உரிமையாளர்வரை நீளலாம். தன்மீதே வழக்கு வரும் என்று அஞ்சுபவர் தான் பயன்படுத்திய வங்கிக் கணக்குகளையும் மேற்பார்வையாளர்களின் பெயர்களையும் சொல்ல முன்வர மாட்டார்.

கட்டாயத்தால் செய்த குற்றத்துக்காக இரையானவரைத் தண்டிக்காமலிருக்க வழி வேண்டும் என்னும் கோட்பாடு ஐரோப்பிய கவுன்சில் உடன்படிக்கையின் 26ஆம் பிரிவில் உள்ளது. பலெர்மோ நெறிமுறையில் இல்லை. கஞ்சா வீடுகளில் பிடிபட்ட இரண்டு வியட்நாமியச் சிறுவர்களை ஆட்கடத்தல் கோணத்தில் முறையாக மதிப்பிடாமல் தண்டித்ததற்காக, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் பிரிட்டனிடம் குறை கண்டது. இந்தியா பலெர்மோ நெறிமுறையை 2011இல் ஏற்றது. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவில் ஆட்கடத்தல் புதிதாக வரையறுக்கப்பட்டு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவாக உள்ளது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் ஒப்புதல் தந்தது. ஆனால் அத்திட்டம் ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் எல்லைக்குள் நிற்கும் சாட்சியை மனதில் வைத்தது. மியாவாடியில் நடந்ததைச் சொல்ல வேண்டிய விழுப்புரத்துக்காரரை அல்ல.

பணத்தின் தடத்தைப் பிடித்தால் சாட்சி வேண்டாம் என்ற வாதம் இங்கும் எழலாம். 2025 அக்டோபரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர்மீது குற்றப்பத்திரிகை வெளியிட்டு, சுமார் 1,500 கோடி டாலர் மதிப்புள்ள 1,27,271 பிட்காயின்களைப் பறிமுதல் செய்யக் கோரினார்கள். ஃபல்கோனேயின் வழிமுறையும் வங்கிக் கணக்குகளைத் தொடர்வதுதான். ஆனால் அவர் கணக்குப் புத்தகத்தோடு புஷெத்தாவையும் வைத்திருந்தார். தொகை எங்கே போனது என்பதை லெட்ஜர் காட்டும். அது யாரை அடித்துச் சம்பாதித்தது என்பதை அடிபட்டவரே சொல்ல முடியும்.

8. நிபந்தனையற்ற பாதுகாப்பு: ஒரு மறுப்பும் பதிலும்

தங்கல் அனுமதி கொடுத்தால் அதற்காகவே பொய்ச் சாட்சி சொல்வார்கள் என்பது குடிநுழைவுத் துறைகளின் வழக்கமான அச்சம். அது ஆதாரமற்ற அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை, விசாரணைக்கு ஒத்துழைப்பவர்களுக்குத் தங்கல் அனுமதி என்று வகுத்தது. இந்த ஏற்பாட்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதாகக் கேட்பார்: விசாவுக்காகத்தானே இதைச் சொல்கிறீர்கள்? சாட்சியத்தையும் அனுமதியையும் ஒன்றுக்கொன்று விலையாக்கியதால், சட்டமே சாட்சியின் நம்பகத்தன்மையைக் கெடுக்கிறது.

இத்தாலி வேறு வழியைக் காட்டியது. 1998ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத் தொகுப்பின் 18ஆம் பிரிவின்படி, சுரண்டலிலிருந்து தப்பிய வெளிநாட்டவர் காவல்துறையிடம் புகார் தராமலேயே, சமூக மறுவாழ்வுத் திட்டத்தின் வழியாகத் தங்கல் அனுமதி பெறலாம். 2003இல் அதே நாடு ஆட்கடத்தல் வழக்குகளை மாஃபியா எதிர்ப்பு அரசு வழக்கறிஞர்களின் பொறுப்பில் சேர்த்தது. முதலாவது ஏற்பாடு சாட்சி பேசக்கூடிய சூழலை உருவாக்குகிறது. இரண்டாவது, பேசியதைக் கேட்கத் தெரிந்தவர்களை அமர்த்துகிறது. நடைமுறையில் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபாடு உண்டென்றாலும், பாதுகாப்பும் புலனாய்வும் எதிரெதிர்த் தட்டுகள் என்ற ஊகத்துக்கு இந்த வடிவமைப்பு சட்டத்திலேயே பதில் சொல்கிறது.

9. முடிவு

பன்னாட்டுக் காவல்பணி கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வழித்தடங்களைக் கண்டறிவதில் பெரிதும் முன்னேறியிருக்கிறது. அதன் தேக்கம் சுரண்டலை நிரூபிக்கும் கட்டத்தில் உள்ளது. அங்கே நாடுகளுக்கு இடையே கைமாற வேண்டியது தரவு மட்டுமன்று. ஒரு மனிதரின் பாதுகாப்பான இருப்பும்தான். ரெட் நோட்டீஸை 196 நாடுகளுக்கு உடனே அனுப்ப முடிகிற அமைப்பில், ஒரு நாட்டில் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்கப்பட்டவரை அடுத்த நாடும் அவ்வாறே ஏற்க வேண்டும் என்னும் விதி பலெர்மோவில் எழுதப்படவில்லை.

இதிலிருந்து மூன்று தேவைகள் எழுகின்றன. தங்கல் அனுமதியைச் சாட்சியத்திலிருந்து பிரிப்பது. கட்டாயத்தால் செய்த குற்றங்களுக்குத் தண்டனை விலக்கைத் தேசியச் சட்டங்களில் எழுதுவது. நாடு திரும்பிய சாட்சி ஊரிலிருந்தே வெளிநாட்டு நீதிமன்றத்துக்குக் காணொளி வழியாக வாக்குமூலம் தரவும், அதன் பிறகும் காக்கப்படவும் இருநாட்டு ஏற்பாடுகள் செய்வது. கலாகர் சொன்னதுபோல, அரசுகளை மேசைக்கு அழைக்கக் குற்றவியல் சட்டகம் தேவைப்பட்டது உண்மை. அந்தச் சட்டகம் தன் சொந்த இலக்கான தண்டனையையே எட்ட வேண்டுமானால், 6, 7ஆம் பிரிவுகளின் பரிசீலனை 5ஆம் பிரிவின் கட்டாயத்துக்கு இணையாக உயர வேண்டும்.